கையெழுத்து மட்டும் அண்ணியுடையது

ஜூன் 3

அன்புள்ள தங்கை வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. எழுதுவது என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். நான் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து வாயால் சொல்கிறேன், உன் அண்ணி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறாள். கேக் கடையில் க்ரீமால் வாழ்த்து எழுதிய கையாயிற்றே, எழுத்து முத்து முத்தாக இருக்கும். எனக்குத்தான் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

உன் கடிதத்தை அவள்தான் வாசித்துக் காட்டினாள். உங்கள் பார்வையற்றோர் பள்ளியில் அக்டோபரிலிருந்து பெரியவர்களுக்கும் வகுப்பு வைக்கப் போகிறார்களாம். அங்கேயே தங்கி, கோல் ஊன்றி நடக்கவும், அந்த மின்னணு பிரெய்லி பெட்டியில் எழுதவும் கற்றுக்கொள்ளலாமாம். எழுத நீயே சொல்லிக் கொடுப்பாயாம். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவனுக்கு நீ நடக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறாயா? உனக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுப்பதற்குள் என் தலைமுடி பாதி நரைத்தது, நினைவிருக்கட்டும்.

யோசனை நல்லதுதான். ஆனால் உன் அண்ணி விடமாட்டேன் என்கிறாள். என்னைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. எனக்குக் கண் போனதும் கேக் கடை வேலையை விட்டாள். அன்றிலிருந்து நிழல் மாதிரி கூடவே இருக்கிறாள். தாகம் என்று நினைத்தால் டம்ளர் கையில் இருக்கும். பாத்ரூமுக்கு எழுந்தால் கதவுக்கு வெளியே நிற்பாள். பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, இப்போது அந்த சீட்டில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

பொழுது எப்படியோ போகிறது. புதிதாக வந்திருக்கும் டிரைவிங் ஸ்கூல்காரன் நம் தெருவில்தான் பயிற்சி கொடுக்கிறான். கியர் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டால் எனக்கு உடம்பு கூசும். ஜன்னலிலிருந்தே "கிளச்ச மிதிப்பா!" என்று கத்துவேன். அவன் இப்போது அடுத்த தெருவுக்குப் போய்விட்டான். நம் கேட்டில் என் போர்டு இன்னும் தொங்குகிறது. கழற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

எனவே அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். கோபித்துக்கொள்ளாதே.

உன் அண்ணன்


ஜூன் 11

அன்புள்ள அண்ணாவுக்கு, இதை வாசித்துக் காட்டப் போகும் அண்ணிக்கும் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. "உன் அண்ணி விடமாட்டேன் என்கிறாள்" என்ற வரி மற்ற வரிகளைவிட நேராகவும் அழகாகவும் எழுதப்பட்டிருந்தது. அண்ணி, உங்கள் கையெழுத்தில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம் என்று பார்த்தால் நேரில் வர எனக்கு வழியில்லை. பெண்கள் விடுதிக்கு வார்டன் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். விடுமுறை கேட்டால் நிர்வாகி, "நீங்க போய்ட்டா பிள்ளைங்கள யாரும்மா பாத்துக்கறது?" என்கிறார். கேட்டின் சாவி அவருடைய இடுப்பில் இருக்கிறது.

அலமாரியின் சாவியும் அங்கேதான். புத்தம்புது பிரெய்லி பெட்டிகள் கண்ணாடி அலமாரிக்குள் வரிசையாக இருக்கின்றன. பார்வையாளர்கள் வரும்போது வெளியே வரும், அவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனதும் உள்ளே போய்விடும். "கெட்டுப்போச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்று கேட்கிறார். வாரத்தில் ஒரு மணி நேரம் வகுப்புக்குக் கேட்டு வாங்குவதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிடுகிறது. மற்ற நாளெல்லாம் பிள்ளைகள் மேசை விளிம்பில் விரலைத் தட்டிப் பழகுகிறார்கள். ஒரு பெண் இருக்கிறாள், எல்லோரையும் அதிகாரம் செய்வதால் 'அதிகாரி' என்று பெயர். பக்கத்தில் இருப்பவளின் புறங்கையில், பெட்டியில் எழுதுவதுபோல, இரண்டு கையிலும் மும்மூன்று விரலை வைத்து அழுத்தி, "இப்ப என்ன எழுதினேன், சொல்லு!" என்று மிரட்டுவாள். சொல்லாவிட்டால் கிள்ளு விழும்.

நீ இங்கே வரமாட்டாய், சரி. பெட்டி அங்கே வருகிறது. இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். நான் பயிற்சிக்குப் போனபோது கிடைத்த என் சொந்தப் பெட்டி. பழசு. வரிசையில் ஒரே ஒரு ஊசி மேலே எழாது, அதை மன்னித்துவிடு. மேலே அழுத்தி எழுத ஆறு சாவி, நடுவில் இடைவெளிக்கு ஒன்று. சாவிகளுக்குக் கீழே ஒரு பட்டை. நீ எழுதியது அதில் புள்ளி புள்ளியாக எழும், விரலால் தடவி வாசிக்க வேண்டும். பெட்டி பேசவும் செய்யும். எந்த எழுத்தை அடித்தாயோ அதையும், வரி முடிந்ததும் முழு வரியையும் சத்தமாகச் சொல்லும். முதலில் சத்தத்தோடு பழகு. விரலுக்குப் பழகியதும் சத்தத்தை அணைத்துவிடு. சத்தத்தை நம்பியே இருக்கும் பிள்ளைகள் கடைசிவரை வாசிக்கக் கற்றுக்கொள்வதில்லை.

அண்ணி, பார்சலில் இருக்கும் குறிப்பில் முதல் இரண்டு பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகு தயவுசெய்து கிட்டே போகாதீர்கள். அவன் திணறட்டும். எழுதியது உள்ளே இருக்கும் மெமரி கார்டில் பதியும். அதைக் கழற்றி உறையில் போட்டு அனுப்பினால் போதும். என் முகவரி எழுதிய உறைகளையும் வைத்திருக்கிறேன்.

உன் வாலு


ஜூலை 19

வாலு,

நான்தான். இந்த முறை நிஜமாகவே நான்தான்.

பக்கத்தில் யாரும் இல்லை. சத்தத்தை அணைத்துவிட்டேன். நான் என்ன எழுதுகிறேன் என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கண் போன பிறகு இப்படி ஒரு நிமிஷம் எனக்கு வாய்த்ததே இல்லை. சிரிப்பாக வருகிறது. ஏன் காரணமில்லாமல் சிரிக்கிறேன் என்று உன் அண்ணி சமையலறையிலிருந்து கேட்கிறாள். சும்மா என்றேன்.

தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். முதல் வாரம் பெட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன், கனமாக இருந்ததால் தப்பித்தது. அ ஒரே புள்ளி, சரி, குழந்தைக்கும் வரும். ஆனால் மெய்யெழுத்துக்குப் புள்ளி முன்னாலேயே வரவேண்டும் என்கிறாயே, இது என்ன நியாயம்? ஆயுள் முழுக்க எழுத்தின் தலையில் வைத்ததை இப்போது எழுத்துக்கு முன்னால் வை என்றால் கை கேட்குமா? பிறகு அதைக் கிளச் என்று நினைத்துக்கொண்டேன். முதலில் கிளச், அப்புறம் கியர். வந்துவிட்டது.

சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். எனக்கு இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது. நாற்காலி, கட்டில், பாத்ரூம், மறுபடி நாற்காலி. காலையில் அவள் செருப்பு தேய்கிற சத்தத்தில் எழுகிறேன், அதே சத்தத்தில் தூங்குகிறேன். சொல்லி எழுத வைத்த கடிதங்களில் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்வது, அவளிடமே?

நான் நன்றாக இல்லை, வாலு.

அண்ணன்


ஜூலை 27

அண்ணா,

உன் கடிதத்தை இரண்டு முறை விரலால் வாசித்தேன். முதல் முறை ஒரு ஆசிரியையாக, தப்பு எங்கே என்று பார்த்துக்கொண்டே. இரண்டாம் முறை முடிக்க முடியவில்லை, அழுதுவிட்டேன். நீ சாப்பிட்டாய், தூங்கினாய் என்று அண்ணியின் கையெழுத்தில் இத்தனை நாள் எத்தனை பக்கம் வந்திருக்கும்! அதில் ஒரு வரியில்கூட நீ இல்லை.

இதையும், சக ஆசிரியை ஒருவரின் சொந்தப் பெட்டியை இரவல் வாங்கி, கார்டில்தான் அனுப்புகிறேன். அண்ணியால் வாசிக்க முடியாது என்பதால் மனம்விட்டுச் சொல்கிறேன். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வருகிறது. பாசம் என்ற பேரில் ஒரு மனிதனை நாற்காலியில் கட்டிப்போடுவதா? 'விடமாட்டேன்' என்று தன் கையாலேயே எழுதி அனுப்ப எவ்வளவு தைரியம் வேண்டும்! போன வருஷம் நான் அனுப்பிய வெள்ளைக் கோல் எங்கே? அதையும் எங்காவது ஒளித்து வைத்திருக்கிறாரா?

நீ கவலைப்படாதே. வகுப்பில் உனக்கென்று ஒரு கட்டிலைப் பிடித்து வைத்துவிட்டேன். செப்டம்பர் கடைசிக்குள் வருவதாகச் சொன்னால் போதும்.

இங்கேயும் ஒரு கூத்து. பிள்ளைகள் இப்போது சத்தத்தை அணைத்துவிட்டு எழுதுகிறார்கள். அது நிர்வாகிக்குப் பிடிக்கவில்லை. "என்ன எழுதறாங்கன்னு தெரிய வேணாமா? வகுப்புல சத்தம் இருக்கணும்" என்று உத்தரவு போட்டார். வராந்தாவில் நடந்துகொண்டே காதில் வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்கு. சரி என்று எல்லாப் பெட்டியிலும் சத்தத்தைப் போட்டேன். அதிகாரி சாவியில் விரலை வைத்தாள். அந்தப் பெட்டிக்கு ஏற்ற இறக்கம் எதுவும் கிடையாது, செய்தி வாசிப்பது போலச் சொல்லியது: "நிர்வாகி ஐயா கதவுக்குப் பின்னால் நிற்கிறார். அவர் செருப்பு கிறீச்சிடுகிறது. எண்ணெய் போடவும்." வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அதன் பலன், அலமாரிக்குப் பூட்டு. மறு உத்தரவு வரும்வரை வகுப்புக்குப் பெட்டி கிடையாது. பிள்ளைகள் மறுபடி மேசையைத் தட்டுகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் அவர்களோடு மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்காவது பெட்டி கையில் இருக்கிறது. எழுது. ஒன்று விடாமல் எழுது.

வாலு


ஆகஸ்ட் 6

வாலு,

அந்த அதிகாரிக்கு என் சல்யூட்டைச் சொல். என்னிடம் வந்திருந்தால் இரண்டே வாரத்தில் வண்டி ஓட்ட வைத்திருப்பேன்.

இப்போது எனக்கு நல்ல வேகம். பெட்டியை மடியில் வைத்தால் இறக்க மனம் வருவதில்லை. ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

கோல் பரண்மேல் கிடக்கிறது. அவள் ஒளிக்கவில்லை, நான்தான் அங்கே போடச் சொன்னேன். அதைத் தட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் என்ன ஆகும் தெரியுமா? என்னிடம் கற்றவன் எவனாவது வண்டியை நிறுத்துவான். "மாஸ்டர், ஏறுங்க" என்று கையைப் பிடிப்பான். நான் ஏற்றிவிட்ட பயல்கள் என்னை ஏற்றிவிடுவதா? அதற்கு இந்த நாற்காலியே தேவலை.

உன் அண்ணியைத் திட்டாதே. அவள் சொன்ன பேச்சைத் தட்டமாட்டாள். மாடியில் துணி காயப்போடப் போனால் பாடிக்கொண்டே காயப்போடு என்று சொல்லியிருக்கிறேன். பாட்டு கேட்கும்வரை அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நின்றுவிட்டால் கை நடுங்க ஆரம்பிக்கும், கூப்பிடுவேன். தொண்டை கட்டியிருந்தாலும் முனகிக்கொண்டாவது இருப்பாள். கடைக்குப் போக வேண்டுமென்றால் பக்கத்து வீட்டம்மா வந்து உட்கார்ந்த பிறகுதான் போவாள். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள்கிறாள், பாவம். கண்ணே இல்லாதவனை.

கேக் கடைக்காரர் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் அவள் மாடியில் இருந்தாள். "அவங்க கையெழுத்துதான் வேணும்னு இப்பவும் கேக்கறாங்க மாஸ்டர், பாதி நாள் வந்தாக்கூடப் போதும்" என்றார். "அவளுக்கு இஷ்டமில்லீங்க, வரமாட்டா" என்று வாசலோடு அனுப்பிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வீணாக மனசு அலைபாயும்.

அந்தக் கட்டிலைப் பற்றி யோசிக்கிறேன். ஆனால் என்னை விட்டுவிட்டு அவள் எப்படி இருப்பாள், சொல்?

அண்ணன்


ஆகஸ்ட் 13

அண்ணா,

கண்ணால் வாசித்திருந்தால் சில வரிகளை ஓட்டமாகத் தாண்டியிருப்பேன். விரலால் வாசிக்கும்போது அது முடியாது. ஒவ்வொரு எழுத்தாக ஏறி இறங்கித்தான் ஆகவேண்டும். "அவளுக்கு இஷ்டமில்லீங்க" என்ற இடத்தில் என் விரல் அப்படியே நின்றுவிட்டது.

அண்ணி உன்னைப் போகவேண்டாம் என்று ஒருநாளாவது சொன்னாரா? வாய் திறந்து சொன்னாரா? எனக்குப் பதில் தெரிந்துவிட்டது, நீ எழுத வேண்டியதில்லை. "உன் அண்ணி விடமாட்டேன் என்கிறாள்" என்பது நீ சொன்னது. அதை அவர் எழுதினார். தன்னைப் பற்றிய பொய்யைத் தன் கையாலேயே, வரி கோணாமல், முத்து முத்தாக. எழுதும்போது நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்திருப்பார். உனக்குத் தெரிந்திருக்காது.

நான் எவ்வளவு பெரிய முட்டாள் பார். எழுதிக் கொடுப்பவர் கையெழுத்தை வைத்துத் தேர்வு எழுதும் பிள்ளையை எடை போடாதீர்கள் என்று தேர்வுத் துறைக்காரர்களிடமெல்லாம் சண்டை போடுகிறவள் நான். என் அண்ணன் வீட்டிலிருந்து கடிதம் வந்ததும் கையெழுத்தைப் பார்த்து, சொன்னதும் அண்ணிதான் என்று முடிவு கட்டிவிட்டேன். மாதக்கணக்கில் மனசுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

மாட்டுக்கு மணி கட்டுவதுபோல அண்ணிக்குப் பாட்டைக் கட்டி வைத்திருக்கிறாய். அவர் எங்கே நிற்கிறார் என்று உனக்கு எப்போதும் தெரிய வேண்டும். மூச்சு முட்டுகிறது என்று எழுதினாயே, அந்த வீட்டில் யாருக்கு மூச்சு முட்டுகிறது?

உனக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். கண் போனால் யாருக்கும் பயம் வரும். பயமாக இருக்கிறது என்று சொல், நான் புரிந்துகொள்வேன். அவர்மேல் போடாதே.

கடைக்காரர் வந்ததை அண்ணியிடம் நீயே சொல்லிவிடு. கேட்டுக்கொள்கிறேன்.

வாலு


ஆகஸ்ட் 21

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் சொல்ல அண்ணி எழுதுவது. பெட்டி பழுதாகிவிட்டது. ஆகவே இனிமேல் இப்படித்தான்.

உன் கடைசிக் கார்டில் நீ எழுதிய விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. எந்த விஷயம் என்று இங்கே சொல்ல முடியாது. உனக்குத் தெரியும். அதற்கு என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதையும் இங்கே சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் சொல்லலாம். பெரிய மனுஷி மாதிரி எனக்குப் புத்தி சொல்கிறாயே, நீ அந்த கேட்டைத் தாண்டி வெளியே போய் எவ்வளவு நாளாகிறது? உன் சாவி யார் இடுப்பில் இருக்கிறது? அதை முதலில் பார்.

பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன். அந்தக் கட்டில் வேண்டாம்.

இங்கே எல்லோரும் நலம்.

அண்ணன்


ஆகஸ்ட் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

வேண்டுமென்றேதான் பேனாவில் எழுதுகிறேன். அண்ணி, இதைச் சத்தமாக, கடைசிவரை வாசியுங்கள். நடுவில் "போதும், மடிச்சு வை" என்று அண்ணன் சொல்லுவான். நிறுத்தாதீர்கள். எனக்காக.

பெட்டி கெடவில்லை. அது கெட்டால் என்ன சத்தம் போடும் என்று எனக்குத் தெரியும், நீ அதைச் சொல்லவே இல்லை. பரவாயில்லை.

அண்ணி, நீங்கள் வேலை பார்த்த கடையின் முதலாளி உங்களைத் தேடி இரண்டு தடவை வீட்டுக்கு வந்திருக்கிறார். நீங்கள் மாடியில் இருந்தீர்கள். உங்கள் கையெழுத்துதான் வேண்டும் என்று இன்னும் ஆட்கள் கேட்கிறார்களாம், பாதி நாள் வந்தால்கூடப் போதுமாம். உங்களுக்கு இஷ்டமில்லை என்று அவரை அனுப்பிவிட்டார்கள். இஷ்டம் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. உங்களைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று. ஜூனிலிருந்து நான் உங்களைத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் காதுக்கு வராத வார்த்தையெல்லாம் சொல்லியிருக்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

அண்ணா, கேட்டைப் பற்றிக் கேட்டாய். சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தேன். நேற்று நிர்வாகியிடம் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். மறுபடி கேட்பேன். ஆனால் நானும் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதற்காக நீ செய்தது சரியாகிவிடாது.

இப்படிக்கு,
வாலு


செப்டம்பர் 8

வாலு,

இதை நான் பெட்டியில் எழுதுகிறேன். பெட்டிக்கு ஒன்றுமில்லை.

நீ செய்தது துரோகம். அப்படித்தான் முதலில் நினைத்தேன். அவள் வாசித்தாள். நீ சொன்ன இடத்தில் சரியாக "போதும், மடிச்சு வை" என்றேன். அவள் நிறுத்தவில்லை. முதலாளி வந்த வரிக்கு வந்ததும் குரல் நின்றது. அவள் முகம் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்று கண் போன நாளிலிருந்து இத்தனை தவித்ததில்லை. பிறகு அதே குரலில் தொடர்ந்து, இப்படிக்கு வாலு என்பதுவரை வாசித்து, மடித்து மேசையில் வைத்தாள்.

"அவ ஏதோ புரியாம எழுதறா" என்றேன்.

"நீ விடமாட்டேங்கறேன்னு நான் சொன்னப்ப, ஏன் ஒண்ணும் கேக்காம எழுதின?" என்றேன்.

"கடையில யார் என்ன எழுதச் சொன்னாலும் எழுதிக் கொடுப்பேன். வாழ்க பல்லாண்டும்பாங்க, என்றும் அன்புடன்னும்பாங்க. நெஜமான்னு நான் கேட்டதில்ல. அந்தப் பழக்கந்தான்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

மறுநாள் துணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பாட்டு இல்லை. கூப்பிட்டேன். வரவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். எழுந்து நின்று கட்டிலில் இடித்துக்கொண்டேன். அவள் பாட்டுக்குக் காயப்போட்டு முடித்துவிட்டு இறங்கி வந்தாள். "மாடியிலதான் இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு முழுக்க எனக்கு அவள்மேல் கோபம். ராத்திரிதான் புரிந்தது, அவள் பாடாமல் துணி காயப்போட்டுப் பார்த்திருக்கிறாள். எப்படி இருக்கிறது என்று.

கேக் கடைக்குப் போன் செய்து பேசியிருக்கிறாள். "திங்கக்கெழமையிலேருந்து போறேன். மத்தியானம் வந்துடுவேன். ஃபிளாஸ்க்கில காப்பி, மேசையில டிபன்" என்றாள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். பக்கத்து வீட்டம்மாவை வரச் சொல்லவா என்றதற்கு வீம்புக்கு வேண்டாம் என்றுவிட்டேன்.

இன்றுதான் அந்தத் திங்கள். கிளம்பும்போது, "வெளிய பூட்டிட்டுப் போ. எவனாவது வந்தா எனக்குத் தெரியாது" என்றேன். "பூட்டமாட்டேன்" என்றாள். "ஏன்?" என்றேன். "பூட்டினா, அதையும் நான்தான் பண்ணேன்னு உங்க தங்கச்சிக்கு எழுதச் சொல்லுவீங்க" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். படியில் இறங்கும் சத்தம் கேட்டது, கேட் சத்தம் கேட்டது, அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

வாலு, எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லச் சொன்னாயே, சொல்கிறேன். டிபன் மேசையில் இருக்கிறது, மேசை எட்டடி தூரம்கூட இருக்காது, இன்னும் சாப்பிடவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பியை மட்டும் ஊற்றப் பார்த்தேன், பாதி மேலே கொட்டிக்கொண்டேன். இந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருப்பதால்தான் உட்கார்ந்திருக்க முடிகிறது. விரல் எழுதிக்கொண்டிருக்கும்வரை நடுக்கம் தெரியவில்லை. நீ இதற்காக அனுப்பவில்லை, இருந்தாலும் இதற்கும் ஆகிறது.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒருவன் வந்தான். போர்டைப் பார்த்து வந்திருப்பான். "மாஸ்டர் இருக்காங்களா? வண்டி பழகணும்" என்று வாசலில் குரல். சின்ன வயசுக் குரல், தயங்கித் தயங்கி. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். கதவு லேசாகத் திறந்தது. அவன் தலையை நீட்டினானா இல்லையா தெரியாது. எனக்கு எதிரில் ஒரு ஆள் நிற்கிறான், நான் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். பார்த்திருந்தால் என்னவென்று நினைத்திருப்பானோ. "யாருமில்ல போல" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு போய்விட்டான்.

யாருமில்ல போல. நான் இருந்தேன், வாலு. என் வீட்டில், என் நாற்காலியில் இருந்தேன். இருக்கேன்ப்பா என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

அந்தக் கட்டிலை மாதக் கடைசிவரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்க முடியுமா, கேட்டுப் பார். வருவேன் என்று சொல்லவில்லை. உனக்கு விடுமுறை கிடைத்தாலும் என்னைக் கூட்டிப் போக வராதே. வந்தால் உன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன். அப்புறம் அங்கே உட்கார்ந்து, என் தங்கை என்னை எங்கும் விடமாட்டேன் என்கிறாள் என்று எவனிடமாவது சொல்ல ஆரம்பித்துவிடுவேன். என் புத்தி எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் வர இன்னும் நேரம் இருக்கிறது. அவன் திறந்த கதவு திறந்தபடியே இருக்கிறது. காற்றுக்கு ஆடி ஆடிச் சுவரில் முட்டுகிறது. எழுந்து போய்ச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிடலாம். அதற்கு வழி எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு தடவை எழுந்தேன். இரண்டு தடவையும் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். தாழ்ப்பாள் போடவில்லை. இன்றைக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அண்ணன்